பென்ஷன் கோரும் காலம்

பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் ஏற்றுமதி வளாகத்திற்கு வேலைக்குச் செல்லும் நம் குடும்பப் பெண்மணிகளுள், ஆலைத் தொழிலாளியான கணவர் காலமான பின்னரும், ‘நாம்தான் சம்பாதிக்கிறோமே, பிறகு பார்த்துக்கொள்வோம்’ என விதவைப் பென்ஷனுக்கு மனுச் செய்யாதிருப்போர் உண்டு. இது வேண்டாத தாமதம். 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் பென்ஷன் திட்டப்படி அது கணவரின் சேவைக்கு உரிய பணம். மனைவியின் சம்பளத்தால் குறையாது. மறுமணம் செய்தாலன்றி ஆயுள் முழுதும் உண்டு. குழந்தைகளின் பென்ஷனோ 25 வயதுடன் நின்றுவிடும்.

காலம் பார்க்க வேண்டியது சொந்தப் பென்ஷனுக்கே. பத்தாண்டுச் சேவையுள்ளவர் 58 வயதில், வேலையில் நீடித்தாலும், அதைப் பெறலாம். 50-க்கு மேல் முன்கூட்டிக் கோருவோர் வேலையை விட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கு 4 சதவீதம் குறையும். 60 வரை ஒத்திவைத்தால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். இக்கூடுதலில் மயங்குவோர் கணக்கைப் பார்க்கட்டும். மாதம் 3,000 ரூபாய்க்கு உரியவர், மேற்கொண்டு சந்தாவின்றி ஓராண்டு பொறுத்தால் பெறுவது 3,120. இழந்ததோ 36,000. மாதம் 120 வீதம் அதை மீட்க 25 ஆண்டுகள் ஆகும். அப்போது வயது 84! திடமான பாட்டிமார் நம்மிடையே இல்லாமலில்லை. ஆயினும் 58-இலேயே வாங்கிக்கொள்வதை நாம் ஆதரிக்கிறோம்.

இரு பென்ஷன்களையும் ஒருவரே பெறத் தடையில்லை. இரண்டுக்கும் படிவம் 10-டி.