நள்ளிரவில் கண்ணைக் குத்தும் தலைவலி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக்குப் பஞ்சமில்லை என்பதாலோ என்னவோ, நம்மவர் வீடுகளில் தலைவலி என்றதும் நெற்றியில் சுக்குப் பற்றுதான். சாதாரணத் தலைவலிக்கு அது போதும். ஆனால் நம் சங்கத்து அன்பர் ஒருவருக்கு வந்தது அப்படிப்பட்டதல்ல. தினமும் இரவு இரண்டு மணிக்கு, வலது கண்ணுக்குப் பின்னால் காய்ச்சிய ஊசி ஏற்றினாற்போல் ஆரம்பிக்கும். கண் சிவந்து நீர் வடியும்; மூக்கு அடைக்கும். படுக்க முடியாமல் கூடத்தில் நடந்துகொண்டே இருப்பார். ஒரு மணி நேரத்தில் தானே அடங்கும். சைனஸ் என்று மருந்து சாப்பிட்டார். ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக்கொண்டார். வலி மட்டும் போகவில்லை.

எர்ணாகுளத்து நரம்பியல் மருத்துவர்தான் கடைசியில் பெயர் சொன்னார்: கிளஸ்டர் தலைவலி. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது. மலையாளத்தில் 'சென்னிக்குத்து' என்கிறார்களே, அந்த ஒற்றைத் தலைவலி வேறு. அது வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். இது வந்தவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது.

வழக்கமான வலி மாத்திரை இதற்கு உதவாது. அது வேலை செய்யத் தொடங்குமுன் வலியே ஒரு சுற்று முடிந்துவிடும். சுமாட்ரிப்டான் 6 மில்லிகிராம் ஊசியைத் தோலுக்கடியில் போட்டால் சீக்கிரம் கேட்கும்; இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. இன்னொரு மருந்து, நம்பினால் நம்புங்கள், ஆக்சிஜன்! நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் முகமூடி வழியாக 15 நிமிடம். 2009-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஆக்சிஜன் கொடுத்தபோது 78 சதவீதத் தடவைகளில் கால் மணி நேரத்துக்குள் வலி தணிந்தது. வெறும் காற்றில் 20 சதவீதம்தான். சிலிண்டர் வீட்டில் இருந்தால் சாமி விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் அருகில் கூடாது.

வராமல் தடுக்க வெராபமில், இரத்த அழுத்தத்துக்குத் தரும் பழைய மாத்திரையேதான். அளவு கூடுதல் என்பதால் ஈ.சி.ஜி. பார்த்துப் பார்த்தே ஏற்றுவார்கள். அது பிடிக்கும்வரை சில நாள் ஸ்டீராய்டு. சிலருக்கு லித்தியம். வலி வரும் வாரங்களில் மது அறவே ஆகாது.

இதே சாயலில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு முறையும் அரை மணிக்கு மேல் நீடிக்காது. ஆனால் தினம் ஐந்து தடவைக்கு மேல் வரும். 1974-இல் நார்வே மருத்துவர்கள் ஷாஸ்டாடும் டேலும் இதை விவரித்தார்கள். இண்டோமெதசின் என்ற மலிவான மூட்டுவலி மாத்திரைக்கு இது முழுதாகக் கட்டுப்படும். கட்டுப்படுகிறதா என்பதே நோயை உறுதிசெய்யும் சோதனையும்கூட. வயிற்றைப் புண்ணாக்கும் மருந்து, ஆகவே தானாக வாங்கி விழுங்கவேண்டாம்.

வலி வந்த நேரம், நீடித்த நிமிடங்கள், எந்தக் கண்ணில் நீர் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நம் அன்பரின் நோயைக் காட்டிக்கொடுத்தது அவர் மனைவி காலண்டரில் குறித்து வைத்திருந்த அந்த இரண்டு மணிக் கணக்குதான்.