மணி அடிக்கும் நேரம் – 9: எட்டாம் வகுப்பில் ஒரு வெற்றி

மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் பள்ளி வாசல்களில் ஃப்ளெக்ஸ் முளைத்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மூன்று இடம், பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம், படம், மதிப்பெண், கீழே வாழ்த்துவோர் பட்டியல். கொண்டாடப்பட வேண்டிய பிள்ளைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்குப் போனால் நான் முதலில் விசாரிப்பது வேறு: போன வருடம் எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்.எம்.எம்.எஸ். பாஸ்?

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்பது முழுப்பெயர். ஊரில் 'ஸ்காலர்ஷிப் பரீட்சை' என்றால்தான் தெரியும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேற்படாத பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிய மாதம் 1,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள்.

அந்த வயதைப் பாருங்கள். பதின்மூன்று. பையனைப் பட்டறையில் சேர்த்துவிடலாமா, பெண்ணை வீட்டோடு நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு அடிபடுகிற வயது. அந்த நேரத்தில் பிள்ளையின் பெயரிலேயே மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது என்றால் அந்தப் பேச்சு அத்தோடு அடங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் ஃப்ளெக்ஸில் ஏறுகிற முகங்களில் சில, எட்டாம் வகுப்பில் இந்தத் தேர்வால் பள்ளியில் தங்கியவைதான்.

இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள், 90 நிமிடம். ஒன்று பாடத்திலிருந்து வருவது: அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. அதைப் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். தடுக்கி விழுவது மற்றதில், மனத்திறன் தாளில். எண் தொடர், கண்ணாடி பிம்பம், நாள்காட்டி, கனசதுரம். இவற்றுக்குத் தனிப் பாடவேளை கிடையாது. நகரத்துப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைக்கு நாலரை மணிக்கு மேல் பள்ளியில் தங்குகிற ஒரு ஆசிரியர் இருந்தால்தான் உண்டு.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அப்படி ஒரு மாலை வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஆறு பக்கமும் வண்ணம் பூசிய கனசதுரத்தை 27 துண்டுகளாக வெட்டினால், ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வண்ணம் உள்ள துண்டுகள் எத்தனை? கரும்பலகைப் படம் யாருக்கும் பிடிபடவில்லை. கணக்கு டீச்சர் பையிலிருந்து பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து, கத்தியால் நாலாபக்கமும் சதுரமாகச் சீவினார். ஒரு மாணவி குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துப் பூசினாள். நீளவாக்கில் இரண்டு வெட்டு, குறுக்கே இரண்டு, படுக்கையாக இரண்டு. பிள்ளைகள் மேசையில் பரப்பி எண்ணினார்கள். மூன்று பக்கம் சிவப்பு எட்டு, இரண்டு பக்கம் பன்னிரண்டு, ஒரு பக்கம் ஆறு. நடுவிலிருந்த ஒன்று மட்டும் அப்படியே வெள்ளையாக இருந்தது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், அறுபத்துநாலா வெட்டினா உள்ளே எட்டு வெள்ளை இருக்குமா?" இருக்கும். யாரும் சொல்லித்தராமல் அவனாகவே கண்டுபிடித்தது அது.

டீச்சர் மட்டும் பாடுபட்டால் இது நடக்காது. ஆறு மணி வரை பசியோடு கணக்குப் போட முடியாது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் முறைவைத்துச் சுண்டல் அவித்துக் கொண்டுவருகிறார்கள். இதே பள்ளியில் படித்து இப்போது பொறியியல் கல்லூரியில் இருக்கும் பெண் சனிக்கிழமைகளில் வந்து எண் தொடர் நடத்துகிறாள். தேர்வன்று மையம் இருக்கும் ஊருக்குப் போக, வேன் வைத்திருப்பவர் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

தமிழ்நாட்டில் ஊர் பள்ளிக்குச் செய்வது புதிதல்ல. காமராஜர் முதல்வராக இருந்தபோது, கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் மக்கள் கட்டடமும் நிலமும் பெஞ்சும் கொடுத்தார்கள். கடம்பத்தூரில் 1958இல் தொடங்கியது அது. இன்று அதன் வாரிசாகக் கல்விச் சீர் வருகிறது. மேளதாளத்தோடு, தாம்பாளத்தில் நோட்டும் பேனாவும், பின்னால் நாற்காலியும் பீரோவும் மின்விசிறியும். ஊரே தாய்மாமனாகிவிடும் அந்த ஊர்வலத்தைப் பார்க்க எனக்கு எப்போதும் மனம் நிறையும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: இன்னொரு பீரோவைவிட, அந்த மாலை வகுப்புச் சுண்டல் பெரிய சீர்.

தேறிய பிறகும் வேலை முடிவதில்லை. மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் 'மு. கவிதா', பள்ளிப் பதிவேட்டில் 'கவிதா மு', பாஸ் புக்கில் இனிஷியலே இல்லை என்றால் பணம் வருவதில் சிக்கல். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இதற்காக அலைவது ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போவது. இந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி, ஒரு மாணவியின் அம்மா, இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார். முடிவு வரும்வரை காத்திருக்காமல், தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே எல்லாப் பிள்ளைகளின் ஆதாரையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, திருத்தம் உள்ளவர்களை ஒரே நாளில் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போகிறார்.

உதவித்தொகை பதினொன்றாம் வகுப்பிலும் தொடர, பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தாக வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு. அதனால் அந்த மாலை வகுப்பு எட்டாம் வகுப்போடு நிற்பதில்லை. போன வருடம் தேறியவர்கள் பத்தாம் வகுப்பு வரை அதே அறையில், பின்வரிசையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். சுண்டல் அவர்களுக்கும் உண்டு.

(தொடரும்)