முதல் பேட்டரி டிரில்: பெட்டியின் மேல் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், பெரியகுளத்து ஆசாரிகளுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் பாதி நாள் வீணாகப் போய்விடும். கரண்ட் இருக்கும் நாளிலும் வயர் எட்டாத இடங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். இணைப்பே வாங்காத புதுக் கட்டடம், மாந்தோப்புக்கு நடுவே இருக்கும் ஓட்டுக் கொட்டகை, அகமலை, அடுக்கம் பக்கத்து மலை வீடுகள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இங்கெல்லாம் பேட்டரியில் ஓடும் டிரில்லை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. அன்றைய வேலையை அன்றே முடித்துக் கூலி வாங்கித் தரும் கருவி அது.

ஆனால் நேற்றுவரை உதவியாளாக இருந்துவிட்டு, இன்று சொந்தமாக வேலை பிடிக்கத் தொடங்கும் ஒருவர் கடைக்குப் போனால் தலை சுற்றும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு டிரில்களுக்கு இடையே விலை இரண்டு, மூன்று மடங்கு வித்தியாசப்படும். அதிலும் விலை குறைந்ததன் மேல் 48 வோல்ட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். விலை கூடியதில் 18 வோல்ட்தான் இருக்கும். எதை நம்புவது? பேட்டரியைப் புரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைத்துவிடும். பேட்டரி மெஷினுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான் போகிறது.

வயரை விட்ட வரலாறு

கையில் பிடித்துத் துளையிடும் முதல் மின் டிரில்லை 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் உருவாக்கியது. துப்பாக்கிபோலப் பிடித்து விசையை அழுத்தும் இன்றைய வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917இல் காப்புரிமை பெற்றது. அதே நிறுவனம் 1961இல் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தே ஆண்டுகளில், 1971இல், அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் பேட்டரி டிரில்லால் நிலவின் மண்ணைத் துளைத்தார்கள்.

நிலவுவரை போன பேட்டரி டிரில், நம் ஊர் மரப்பட்டறைக்கு வரத் தாமதமானது. நிக்கல்-காட்மியம் பேட்டரி கனமானது. சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிவிடும். காட்மியம் நச்சு உலோகமும்கூட. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அந்தப் பேட்டரிக்கு அடித்தளமிட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் தோளிலேயே உணரலாம். திராட்சைக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டும் ஸ்பிரேயரில் பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி இருக்கும். அது இரண்டு கிலோவுக்கு மேல் எடை. ஏறக்குறைய அதே அளவு மின்சாரத்தைச் சேமிக்கும் 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி முக்கால் கிலோகூட இருக்காது.

48 வோல்ட் என்பது உண்மையா?

லித்தியம் பேட்டரிக்குள் டார்ச் செல்லைப்போன்ற சிறு செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். டிரில்களில் வரும் செல் ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட் தரும்; முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் சராசரி 18 வோல்ட், முழு சார்ஜில் 21 வோல்ட். ஆகவே ஒரு நிறுவனம் 18 என்றும், இன்னொன்று 20 என்றும், மற்றொன்று 21 என்றும் எழுதுவது அதே ஐந்து செல் பேட்டரியைத்தான். மூன்று செல் என்றால் சராசரி 10.8, முழு சார்ஜில் 12.6, அதைத்தான் 12 வோல்ட் என்று விற்கிறார்கள்.

48, 88 என்று பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருந்தால் சார்ஜரைத் திருப்பி, 'அவுட்புட்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 21 வோல்ட் என்றால் உள்ளே ஐந்து செல் வரிசை. 16.8 என்றால் நான்கு, 12.6 என்றால் மூன்று. பெட்டியில் எதை வேண்டுமானாலும் அச்சிடலாம்; லித்தியம் சார்ஜர் தன் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டைத்தான் கொடுத்தாக வேண்டும்.

அடுத்து ஆம்பியர்-மணி. வோல்ட்டை இதனால் பெருக்கினால் வருவது வாட்-மணி, அதாவது பேட்டரி சேமிக்கும் மொத்த ஆற்றல். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. இரண்டு பேட்டரிகளை ஒப்பிட இந்த ஒரு எண் போதும்.

எதைப் பேட்டரியில் வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

ஒரு ஸ்க்ரூவை முடுக்க 200 வாட் வீதம் மூன்று விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 36 வாட்-மணி பேட்டரியில் 200 ஸ்க்ரூவுக்கு மேல் முடுக்கலாம். அதே பேட்டரியை 700 வாட் இழுக்கும் நான்கு இஞ்சு கிரைண்டரில் போட்டு முழுச் சுமையில் ஓட்டினால் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். துளை, ஸ்க்ரூ போன்ற விட்டுவிட்டுச் செய்யும் வேலைக்குப் பேட்டரி அருமையான துணை. கிரைண்டர், மார்பிள் கட்டர், மரம் அறுக்கும் மெஷின் ஆகியவை தொடர்ந்து மின்சாரத்தை இழுப்பவை. தொடக்கத்தில் இவற்றை வயர் மெஷினாகவே வைத்துக்கொள்வது நல்லது; விலையும் குறைவு, நாள் முழுக்க உழைக்கும்.

கப்போர்டு, மாடுலர் கிச்சன், சுவிட்ச் போர்டு, ஃபால்ஸ் சீலிங் என்று உள்வேலை செய்கிறவருக்கு 12 வோல்ட் டிரில் தாராளம். எடை குறைவாக இருப்பதால் ஏணியில் நின்று தலைக்கு மேல் வேலை செய்யும்போது தோள் வலிக்காது. கதவு நிலை, தடித்த தேக்கு, வேங்கை, இரும்புச் சட்டம் என்று கனமான வேலை அதிகம் வந்தால் 18 வோல்ட்டுக்குப் போகலாம்.

சுவரில் துளையிடுவது தனிக் கணக்கு. ஹேமர் டிரில்லில் பல் வைத்த இரண்டு தட்டுகள் உரசித் தட்டும். செங்கல் சுவரில் 6, 8 மில்லிமீட்டர் ஓட்டைக்கு அது போதும். லிண்டல், பில்லர் போன்ற கான்கிரீட்டில் அது திணறும். அங்கே ரோட்டரி ஹேமர் வேண்டும். அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்திச் சுத்தியலாக அடிக்கிறது. தட்டின் உரசலைவிட அந்த அடி பலமடங்கு வலிமையானது. எப்போதாவதுதான் கான்கிரீட் வேலை வரும் என்றால் வயர் ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுப்பதே லாபம்.

டிரில்லின் கழுத்தில் எண்களோடு சுழலும் வளையம் கிளட்ச். ஸ்க்ரூ இறுகியதும் சுழல்வதை அது நிறுத்தும். ப்ளைவுட்டில் ஹிஞ்ச் ஸ்க்ரூவின் மரை கழன்றுபோகாமல் காப்பது இதுதான். குறைந்த எண்ணில் தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டுங்கள்.

மோட்டாரில் இரண்டு வகை. கார்பன் பிரஷ் உள்ளது விலை குறைவு. பிரஷ் தேய்ந்தால் மாற்ற வேண்டியிருக்கும். பிரஷ் இல்லாத மோட்டாரில் உரசல் இழப்பு குறைவு. அதே சார்ஜில் கூடுதல் வேலை செய்யும். காசு இறுக்கமாக இருந்தால் முதல் டிரில் நல்ல நிறுவனத்தின் கார்பன் பிரஷ் வகையாக இருப்பதில் தவறே இல்லை.

ஒரே குடும்பம், ஒரே சார்ஜர்

ஒரு நிறுவனத்தின் பேட்டரி பொதுவாக இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலும் 12 வோல்ட் வரிசை வேறு, 18 வோல்ட் வரிசை வேறு. எனவே முதல் டிரில்லோடு எந்த பேட்டரி வருகிறதோ, அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தக் குடும்பத்தில்தான் நீங்கள் இருப்பீர்கள். அதே பேட்டரியில் இம்பாக்ட் டிரைவர், ஜிக்சா, லைட் எல்லாம் கிடைக்குமா, பேட்டரி இல்லாமல் மெஷினை மட்டும் தனியாக விற்கிறார்களா, சர்வீஸ் தேனியில் உண்டா அல்லது மதுரைக்கு ஓட வேண்டுமா, மாற்றுப் பேட்டரி என்ன விலை என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். அது இல்லாவிட்டால் வாரண்டி கேட்பது கடினம்.

கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் மெஷினில் போட வேண்டாம். பாதிக்குச் சற்று மேலான தொகையில், இரண்டு பேட்டரியோடு வரும் ஒரு டிரில்லைத் தேடுங்கள். ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜாகும். அடுத்த பங்கு பிட்டுகளுக்கு. மரம், இரும்பு, சுவர் மூன்றுக்கும் தனித்தனி நல்ல பிட் வேண்டும். மொட்டைப் பிட் அதிக மின்சாரத்தை இழுத்து, பேட்டரியையும் மோட்டாரையும் சூடாக்கும். கண்ணாடிக்கும் காதடைப்புக்கும் சிறு தொகை ஒதுக்குங்கள். மீதியைக் கையில் வைத்திருங்கள். 35 வயதைத் தாண்டிய கைவினைஞர்களுக்கு, 2025இல் தொடங்கிய தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 25 சதவீத மானியத்தோடு 3 லட்சம் ரூபாய் வரை கடனுக்கு வழி செய்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

வெயிலுக்குத் தப்பினால் ஆயுள் கூடும்

லித்தியம் பேட்டரிக்கு வெப்பம்தான் முதல் எதிரி. சித்திரை வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டிக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். வேலை செய்த சூட்டோடு சார்ஜில் போடாமல், நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். பாதியில் சார்ஜ் போடுவதால் இதற்குக் கெடுதல் இல்லை. அடியோடு தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடப்பதுதான் கெடுதல். உப்பிய, நசுங்கிய பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும். ஆயுள் முடிந்ததைக் குப்பையில் எறியவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளரின் பொறுப்பு.

இரண்டாவது மெஷினை எப்போது வாங்குவது? ஒரே கருவியை அடிக்கடி இரவல் கேட்கிறீர்கள் அல்லது வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால், அதுதான் அடுத்தது. அப்போது பேட்டரி இல்லாமல் மெஷினை மட்டும் வாங்கினால் போதும். முதல் டிரில்லில் சரியான குடும்பத்தைத் தேர்ந்தெடுத்ததன் லாபம் அன்றைக்குக் கையில் நிற்கும்.