3 கிராம் மோதிரத்தின் ஐந்தொகை

நம்மூர் நகைக்கடை ரசீதில் கிராம் விலை, செய்கூலி, சேதாரம், கல் எடை என்று வரிவரியாக இருக்கும். லண்டனிலோ பர்மிங்காமிலோ பழைய கல் மோதிரம் விற்கும் கடையில் சீட்டில் ஒரே ஒரு தொகைதான். நிச்சயதார்த்தத்துக்கு அதை எடுக்க நினைப்பவர், ரசீதைத் தானே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு மோதிரம்: மொத்த எடை 3 கிராம். உள்பக்கம் '15', '.625' முத்திரைகள். நடுவில் நீள்வட்ட நீலக்கல். 7 × 5 மி.மீ., ஆழம் 3.5 மி.மீ.

கல் எடை

பதித்த கல்லை அளந்துதான் மதிப்பிடுவார்கள். நீள, அகலச் சராசரி 6. அதன் வர்க்கம் 36. அதை ஆழம் 3.5, நீலத்தின் அடர்த்தி 4, நீள்வட்டக் கல்லுக்கான 0.002 ஆகியவற்றால் பெருக்கினால் 1.008 காரட், அதாவது 0.2 கிராம். இதே அளவில் மரகதம் என்றால் அடர்த்தி 2.72, எடை 0.69 காரட்தான். கண்ணுக்கு ஒரே அளவு, தராசில் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

தங்கம்

கல் எடை போக 2.8 கிராம். 15 காரட் என்றால் 62.5 சதவீதம்; சுத்தத் தங்கம் 1.75 கிராம். 22 காரட்டாகப் பார்த்தால் 1.9 கிராம், கால் பவுன்கூடத் தேறாது. மீதிப் பணம் கல்லுக்கும் வயதுக்கும் போகிறது.

மோதிரத்தின் வயது

பிரிட்டன் 1854இல் 9, 12, 15 காரட்டுகளை அனுமதித்தது. 1932இல் 12ஐயும் 15ஐயும் நீக்கி 14ஐக் கொண்டுவந்தது. ஆகவே '15' என்ற எண்ணே மோதிரம் செய்த காலத்தை அந்த 78 ஆண்டுகளுக்குள் அடைத்துவிடுகிறது. நங்கூரம் பர்மிங்காம் முத்திரை, சிறுத்தைத் தலை லண்டன். கூடவே உள்ள ஆங்கில எழுத்து ஆண்டைச் சொல்லும். 100 ஆண்டு கடந்தால்தான் வணிகத்தில் 'ஆன்டிக்'. 1930இல் செய்ததற்கு 2030வரை அந்தப் பெயர் கிடையாது.

வரி

2,100 பவுண்டுக்குப் புது மோதிரம் வாங்கினால் அதற்குள் 20 சதவீத வரி 350 பவுண்டு. பழைய நகைக்கு லாபத்தின் மீது மட்டும் வரி கட்டும் முறை உண்டு. கடைக்காரர் 1,500க்கு வாங்கியிருந்தால் லாபம் 600, அதில் ஆறில் ஒரு பங்கான 100 பவுண்டுதான் வரி.

அளவு மாற்றம்

பிரிட்டனில் விரல் அளவு எழுத்தில் இருக்கும். ஓர் எழுத்துக்குச் சுற்றளவு 1.25 மி.மீ. 'எம்' மோதிரத்தை 'ஓ' ஆக்க 2.5 மி.மீ. தங்கம் சேர்க்க வேண்டும். வளையத்தை வெட்டும் இடத்தில் முத்திரை இருந்தால் அழியும். முன்பே படம் எடுத்துவையுங்கள்.

கல்லின் வயது

பெரும் செலவு ஒளிந்திருப்பது இங்கேதான். பிரான்சைச் சேர்ந்த வெர்னாய் என்பவர், உலையில் மாணிக்கம் செய்யும் முறையை 1902இல் வெளியிட்டார். 1910ஐ ஒட்டி நீலமும் வந்தது. 1915 மோதிரத்தில் அன்றைக்கே பதித்த உலைக் கல் இருக்கலாம். அடர்த்தி அதே 4, கடினம் அதே 9. மேலே போட்ட பெருக்கல் அதற்கும் 1.008 என்றே விடை தரும். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் இயற்கைக் கல்லின் நிறக்கோடுகள் நேராகவும் கோணமாகவும் ஓடும். உலைக் கல்லில் இசைத்தட்டின் வரிபோல வளைந்திருக்கும், சிலவற்றில் குமிழியும் தெரியும்.

எனவே ரசீதில் 'பழைய நீலக்கல் மோதிரம்' என்று மட்டும் எழுதினால் போதாது. கல் இயற்கையா, நிறத்துக்காகச் சூடேற்றியதா, எடை நிறுத்ததா மதிப்பிட்டதா என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.