சாய்வில் பிறக்கும் வேகம்

காரின் சக்கரம் வட்டமானது. ஆனால் 1910களின் தொடக்கத்தில் ஷாக்-ஆன்ரி லார்ட்டீக் என்ற பிரெஞ்சு இளைஞர் பந்தயக் கார் ஒன்றைப் படம்பிடித்தபோது, சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த முட்டையாகப் பதிந்தது. அவரது கேமராவில் ஒரு குறுகிய பிளவு நகர நகரத்தான் படம் பதியும். சக்கரத்தின் அடிப்பகுதி முதலில் பதிந்தது. மேற்பகுதி பதிவதற்குள் கார் முன்னே போய்விட்டது. அந்த நொடித்துளி இடைவெளிதான் சாய்வு. வேகத்தைக் காட்ட ஓவியர்கள் இன்றும் சக்கரத்தைச் சாய்த்து வரைகிறார்கள். ஜெர்சியிலும் ஷூவிலும் பந்தயக் காரிலும் வலப்பக்கம் சாயும் தடித்த ஆங்கில எழுத்துகளும் இந்த உத்தியைத்தான் கையாளுகின்றன.

அச்சில் சாய்வெழுத்து வந்து 500 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1501-ல் வெனிஸ் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸ், ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூலை அதில் அச்சிட்டார். எழுத்துகளைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அவர் பின்பற்றிய மாதிரி, விரைந்து எழுதும் கையெழுத்து. ஆக, சாய்வு பிறந்ததே வேகத்தில்தான்!

அப்படியானால் நேர் எழுத்தைக் கணினியில் சாய்த்தால் போதாதா? சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளுவதுபோல அடி அசையாமல் உச்சி மட்டும் நகரும். 10 செ.மீ. உயர எழுத்தை 12 பாகை சாய்த்தால் உச்சி 2.1 செ.மீ. தள்ளிப்போகும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 2 செ.மீ. தடித்த நேர்த்தண்டு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் மெலிந்துவிடும்.

ஆங்கில 'ஓ'-வின் நிலை இன்னும் மோசம். வலப்பக்க மேல்வளைவும் இடப்பக்கக் கீழ்வளைவும் புடைக்கும். மற்ற இரண்டும் இளைக்கும். பெரிய 'ஏ'-யில் இடக்கால் படுத்து மெலிய, வலக்கால் நிமிர்ந்து தடிக்கும். புடைத்ததைச் சீவி, இளைத்ததை நிரப்பி, வடிவமைப்பாளர் ஒவ்வோர் எழுத்தையும் கையால் சரிசெய்கிறார்.

தடிப்பு தனிச் சவால். கோடு பருக்கப் பருக்க, எழுத்துக்குள் அடைபட்ட வெள்ளை இடமான 'உள்வெளி' சுருங்கும். அது அடைத்துக்கொண்டால் தூரத்திலிருந்து எல்லாம் கறுப்புக் கட்டியாகத் தெரியும். ஆகவே இரு கோடுகள் சேரும் இடத்தில் ஒன்றைச் சத்தமில்லாமல் மெலிதாக்குகிறார்கள். படுக்கைக்கோட்டையும் நேர்க்கோட்டைவிடச் சற்று மெலிதாகவே வரைகிறார்கள். அப்போதுதான் இரண்டும் சமமாகத் தோன்றும்.

கோட்டு முனைகளில் சிறு பாதங்கள் இல்லாத 'சான்ஸ் செரிஃப்' எழுத்தில் இத்தகைய திருத்தங்களை மறைக்க அலங்காரம் ஏதுமில்லை. 1957-ல் எழுத்து வடிவமைப்பாளர் அட்ரியன் ஃப்ருட்டிகரின் புகழ்பெற்ற 'யூனிவர்ஸ்' எழுத்துரு இந்த இனத்தில் 21 வகைகளோடு வந்தது. வகைகளுக்குப் பெயரில்லை, எண்தான். 75 என்றால் மிகத் தடித்த நேர் எழுத்து. 76 அதன் சாய்ந்த இணை.

இலக்கங்களிலும் வித்தை உண்டு. பந்தயத் திரையில் ஓடும் நேரம் நொடிக்கு நொடி துள்ளாமலிருக்க ஒடுங்கிய 1-க்கும் அகன்ற 8-க்கும் ஒரே அகலத்தில் இடம் ஒதுக்குவார்கள். 8-க்குள் இன்னொரு ரகசியம். அதன் இரு வளையங்களும் ஒரே அளவாகத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள்: சாய்வு மாறாது, ஆனால் எழுத்து தலைகனத்து நிற்கும். மேல்வளையத்தை வேண்டுமென்றே சிறிதாக வரைந்திருக்கிறார்கள். சமமாக வரைந்திருந்தால் நம் கண்ணுக்கு மேலே பெரிதாகத் தெரிந்திருக்கும். எழுத்துக்கலையில் அளவுகோல் சொல்வதை வைத்து வேலை தொடங்கலாம். இறுதித் தீர்ப்பைக் கண்தான் சொல்லும்.