கண்ணில் பழுதில்லை, பார்வையில்லை

பக்கவாதம் கண்டவர்களிற் சிலருக்குக் கையுங் காலும் தேறிய பின்னரும் ஒரு பக்கத்து உலகம் மறைந்தே நிற்கிறது. நடக்கையில் தோள் வாயிற்காலில் இடிக்கும். வாசிக்கையில் அடுத்த வரியின் தொடக்கம் அகப்படாது. கண் வைத்தியர் சோதித்து, கண்ணில் தோஷமில்லை என்று அனுப்பிவிடுகிறார். மெய்தான், தோஷம் மண்டையின் பின்புறத்து மூளையிலிருக்கிறது.

இதனை முதன்முதல் செவ்வையாய் வரையறுத்தவர்களில் ஒருவர் ஆசியர் என்பதை நம்மவர் அறிதல் வேண்டும். 1904-05ல் ஜப்பான் ருஷியாவுடன் புரிந்த யுத்தத்தில், சிறு குண்டுகள் மண்டையை ஊடுருவியும் பல சிப்பாய்கள் பிழைத்தனர். உபகாரச் சம்பளம் நிர்ணயிக்கும் பொருட்டு அவர்களுடைய பார்வை நஷ்டத்தை அளக்கும் வேலை தத்ஸுஜி இனோயே என்னும் இளங் கண் வைத்தியரிடம் வந்தது. குண்டு நுழைந்த துவாரத்தையும் வெளிப்பட்ட துவாரத்தையுங் கொண்டு அது சென்ற வழியைக் கணித்து, மூளையின் எப்பாகம் சிதைந்தால் பார்வையின் எப்பாகம் போகிறதென்று 1909ல் ஜெர்மன் பாஷையில் வெளியிட்டார். ஆங்கில நூல்களில், 1916ல் எழுதிய ஹோம்ஸின் பெயரே அதிகம் அடிபடுவது நமக்கு ஆச்சரியமன்று.

போன பார்வை மீளுமா? முதற் சில மாதங்களில் தானாகவே கொஞ்சம் மீள்வதுண்டு. குருடான பாகத்திலும் சிலர் அசையும் பொருளை உணர்கிறார்களென்று 1917ல் ரிடாக் எழுதினார். அதே வழியில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் சர்வகலாசாலையில் ஹக்ஸ்லின் அம்மையார் கூட்டத்தார் அப்பாகத்தில் அசையும் புள்ளிகளைக் காட்டி நாடோறும் பழக்க, ஓரளவு பலன் கண்டதாக 2009ல் தெரிவித்தனர். நோய் கண்ட சில மாதங்களுக்குள் துவக்கினால் பலன் விரைவென்று 2020ல் கூறினர்.

ஆயினும் பூரண பார்வை தருவோமென்று பணம் கேட்பவர்களை நாம் நம்பவில்லை. 1998ல் ஜெர்மனியில் கம்ப்யூட்டர் பயிற்சியொன்றால் பார்வை விரிந்ததென்று பிரசித்தமாயிற்று. 2005ல் வேறு ஜெர்மானியர் கண்ணின் அசைவையும் உடன் கண்காணித்துப் பரீட்சிக்க, அவ்விரிவு காணப்படவில்லை. குறுக்கு விசாரணையில் நில்லாத சாட்சியத்தின் மீது எந்த நியாயாதிபதியும் தீர்ப்புச் சொல்லார்.

மறைந்த பக்கத்திற் கண்ணை வேண்டுமென்றே திருப்பித் தேடும் பழக்கம் பார்வையை மீட்பதில்லை. ஆனால் வழி நடக்கவும் வாசிக்கவும் உதவுகிறது. வரியின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை.

நாம் ஆஸ்பத்திரிகளைக் கேட்பது சிறிய காரியம். பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், எதிரே அமர்ந்து இரு பக்கமும் விரலை அசைத்துக் காட்டி, தெரிகிறதா என்று வினவுக. சில நிமிஷங்களே பிடிக்கும். தெரியவில்லையெனில் அதனைச் சீட்டில் எழுதிக் குடும்பத்தாருக்கும் சொல்லுக; மறு பரீட்சை நடக்கும் வரையில் அவரிடம் மோட்டார் வண்டியைக் கொடுக்கலாகாது என்பதையும் சேர்த்தே.