மாத்திரை என்பது அளவு

பள்ளியில் தமிழ் பயின்ற நாளில், ‘மாத்திரை’ என்னும் சொல்லை நாம் முதன்முதல் இலக்கணத்திலேதான் கண்டோம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. கண் ஒருமுறை இமைக்கும் நேரம், அல்லது விரல் ஒருமுறை நொடிக்கும் நேரம் என்று ஆசிரியர் விளக்கினார். அச்சொல்லே மருந்துக்கும் பெயராய் அமைந்தது எத்துணைப் பொருத்தம்! மாத்திரை என்றால் அளவு. இந்தப் பாடம் எனக்கு முழுதும் விளங்கியது, என் இதயம் தாளம் தப்பிய பின்னரே.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, தாணே இரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏறும்போது நெஞ்சு படபடத்தது; மூச்சு வாங்கியது. வயதின் தளர்ச்சி என்று எண்ணிச் சில நாள் வாளா இருந்தேன். என் மனைவியாரின் வற்புறுத்தலால் மருத்துவரிடம் சென்றேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றி, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “துடிப்பு விரைவாக இருப்பது மட்டுமன்று, அதில் ஒழுங்கே இல்லை” என்றார். இ.சி.ஜி. படமும் அதனையே உறுதி செய்தது. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்பது நோயின் பெயர்.

நலமுள்ள இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை துடிக்கின்றது. இந்நோயில் இதயத்தின் மேலறைகள் இரண்டும் சுருங்கி விரிவதை விட்டு, காற்றில் அசையும் அரசிலைபோல் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஆங்கே குருதி தேங்கும். தேங்கிய குருதி உறையும். உறைந்த துளியொன்று மூளைக்குச் செல்லுமாயின் பக்கவாதம் நேரும். இந்நோய் உடையார்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, இல்லாதார்க்கு உள்ளதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பது நெடுங்கால ஆராய்ச்சியின் முடிபு.

ஆகவே எனக்கு இருவகை மாத்திரைகள் தரப்பெற்றன. ஒன்று துடிப்பின் விரைவை அடக்குவது. மற்றொன்று குருதி உறையாமல் காப்பது. இவ்விரண்டின் வரலாறும் அறியத்தக்கன.

துடிப்பை அடக்கும் பழைய மருந்துகளுள் ஒன்று டிஜிட்டாலிஸ். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர், நாட்டுப்புற மூதாட்டி ஒருத்தியின் பச்சிலைக் கலவையைப் பற்றிக் கேள்வியுற்றார். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் அடங்கிய அக்கலவையில், பயன் தருவது டிஜிட்டாலிஸ் செடியின் இலையே எனத் தெளிந்தார். பல்லாண்டுகள் ஆராய்ந்து 1785-இல் நூலாக வெளியிட்டார். அளவு மிகுந்தால் குமட்டல் தோன்றும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும், உயிருக்கும் இறுதி நேரும் என்று அவரே எச்சரித்தார். அவ்வினத்தைச் சேர்ந்த டிகாக்சின் இன்றும் வழங்குகின்றது.

மற்றொன்றின் வரலாறு இன்னும் வியப்பானது. 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் குருதி நில்லாமல் மாண்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் அத்தீவனத்திலிருந்த பொருளைப் பிரித்தறிந்தனர். அதன்வழிப் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. மறு ஆண்டே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் மாரடைப்புற்றபோது அவருக்கும் அது தரப்பெற்றது. எலிக்கு நஞ்சானது மனிதனுக்கு மருந்தாவது எங்ஙனம்? அளவினால் அன்றோ!

அந்த அளவைக் காட்டுவது ‘ஐ.என்.ஆர்.’ என்னும் குருதிச் சோதனை. இம்மருந்து உண்ணாதார்க்கு அது 1 அளவில் இருக்கும். என்போன்றார்க்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்றல் வேண்டும். குறைந்தால் உறைவு, மிகுந்தால் குருதிப்போக்கு. இரண்டு கரைகளுக்கு நடுவே ஓடம் செலுத்துவது போன்றது இவ்வாழ்க்கை.

இதில் நான் செய்த பிழையை மறைக்காமல் கூறுவேன். பிறர்க்கு அது பயன்படலாம். மூன்றாண்டுகளுக்கு முன் தமக்கையார் வீட்டுத் திருமணத்திற்காகத் திருநெல்வேலிப் பக்கம் சென்றிருந்தேன். கொண்டுபோன மாத்திரை இரண்டாம் நாளே தீர்ந்தது. உடலோ நன்றாக இருந்தது. ‘தாணே திரும்பியபின் பார்த்துக்கொள்வோம்’ என்று ஆறு நாள் விட்டுவிட்டேன். ஏழாம் நாள் காலை, கையிலிருந்த காப்பித் தம்ளர் நழுவி விழுந்தது. தமக்கையாரை அழைக்க வாய் திறந்தேன், சொல் குழறிற்று. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று. ஆயினும் உடனே என்னை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அது பெரும் பக்கவாதத்திற்கு முன் வந்த தூது என்று அங்கே கூறினர். உறைவைத் தடுக்கும் மாத்திரை உண்டால் உடலில் ஒரு நன்மையும் தோன்றாது. விட்டால் ஒரு குறையும் தோன்றாது. அதனாலேயே மனம் ஏமாறுகின்றது.

ஊருக்கும் இங்குமாக வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நன்று. பயணத்திற்கு வேண்டிய நாளினும் பத்து நாளுக்குக் கூடுதலாக மாத்திரை எடுத்துச் செல்க. அதனைப் பெட்டியில் அன்று, கைப்பையில் வைக்க. மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டொன்று சட்டைப்பையில் இருக்கட்டும். ஒருவேளை தவறினால் மறுநாள் இரட்டிப்பாக உண்ணற்க; மருத்துவரைக் கேட்க. வார்ஃபரின் உண்போர் கீரையை வெறுக்க வேண்டுவதில்லை. அளவை மாற்றாமல் உண்ணல் வேண்டும். குளிர்காலத்தில் இங்கே பாலக்கும் மேத்தியும் மலிந்தனவென்று நாள்தோறும் உண்பதும், ஊரில் முருங்கைக்கீரையை ஒரே வாரத்தில் குவிப்பதும் மருந்தின் வலிமையைக் குறைத்துவிடும். மூட்டு வலிக்குக் கடையில் தாமே மாத்திரை வாங்குவதும், நாட்டு மருந்தைச் சொல்லாமல் சேர்ப்பதும் தீங்கு. மலம் கறுத்தாலும், ஈறில் குருதி நில்லாவிடினும் காலம் தாழ்த்தலாகாது. வாய் கோணினாலும், கை சோர்ந்தாலும், சொல் குழறினாலும் உடனே 108-ஐ அழைக்க. இவ்வெண் மகாராட்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் ஒன்றே.

சோதனை வேண்டாத புதிய மருந்துகள் 2010 முதல் வந்துள்ளன. பலர்க்கு அவை எளிது. எனினும் எல்லார்க்கும் பொருந்தா. நெருக்கமான வீடுகளில் வளரும் சிறுவர்க்குத் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல், இதய வால்வைக் கெடுத்து, பிற்காலத்தில் இந்நோயை விளைப்பதுண்டு. அத்தகையாரிடம் நடந்த பன்னாட்டு ஆராய்ச்சி 2022-இல் வெளியாயிற்று. இந்தியரும் பங்கேற்ற அதில், 4,500 பேர்க்கு மேல் ஆராய்ந்து, புதியதான ரிவராக்சபானினும் பழைய வகை மருந்தே உயிரைக் காப்பதிற் சிறந்தது எனக் கண்டனர். அண்டை வீட்டார் மருந்தைக் கண்டு நம் மருந்தை மாற்றலாகாது என்பதற்கு இதுவே சான்று. குழந்தையின் தொண்டைப்புண்ணை எளிதாக எண்ணலாகாது என்பதற்கும் இதுவே சான்று.

இப்போது எங்கள் வீட்டு நாட்காட்டியில் இரவுதோறும் ஒரு கோடு விழுகின்றது. என் மனைவியார் மாத்திரையும் தண்ணீரும் கொணர்ந்து வைப்பார், உண்டபின் கோடிடுவார், ஊருக்குப் புறப்படும்போது அந்த நாட்காட்டியும் உடன் வருகின்றது. என் இதயம் தாளத்தை மறந்துவிட்டது. ஆகவே அதன் பொருட்டு நாங்கள் இருவரும் தாளம் போடுகின்றோம்.